உடம்புக்குள் ஒரு கட்டடம்



சிவில் படிக்கிறவன் கட்டடத்தைப் பற்றி எழுதாமல் எலும்பைப் பற்றி எழுத வந்துவிட்டானே, இவனுக்கு மலரில் இடம் கொடுத்த ஆசிரியர் குழுவுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கலாம். நானும் கட்டடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் கிடையாது, கான்ட்ராக்டர் கிடையாது, சிமென்ட் மூட்டை இறக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற ஒரு கையில் மட்டும் அதன் 27 உறுப்புகள் இப்போது வேலை செய்துகொண்டிருக்கின்றன.

எனக்கு ஊர் செஞ்சிப் பக்கம் அனந்தபுரம். அப்பா கம்பி கட்டும் தொழிலாளி. அம்மா சித்தாள். ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) இளவயதில் நடவுக்கும் களைக்கும் போய், பிறகு சித்தாள் வேலைக்கும் போனது. பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். காணி நிலம் இல்லை, கடை கண்ணி இல்லை. சொத்து என்று எங்களுக்கு இருந்தது உடம்பு ஒன்றுதான். அந்த உடம்பைத் தாங்கி நிற்பது எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கணக்கு: 206

பிறக்கும்போது குழந்தைக்கு சுமார் 300 எலும்புகள் இருக்கும். வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர் ஆனதும் 206 ஆகிறது. இதை இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். நடுவில் தூண் மாதிரி நிற்பது அச்சுச் சட்டகம். அதில் 80 எலும்புகள். அதிலிருந்து கிளைத்து வரும் கை, கால், தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்தது இணையுறுப்புச் சட்டகம். அதில் 126.

அச்சுச் சட்டகத்தை எண்ணிப் பார்ப்போம். மண்டையோட்டில் 22. இரண்டு காதுக்குள்ளும் சேர்த்து 6 குட்டி எலும்புகள். நாக்குக்கு அடியில் எந்த எலும்போடும் சேராமல் தனியாகத் தொங்குகிற நாவடி எலும்பு 1. முதுகெலும்பில் 26. விலா எலும்புகள் 24, மார்பெலும்பு 1. கூட்டினால் 80 வருகிறதா? இணையுறுப்பில் இரண்டு கைகளுக்கு 60, இரண்டு கால்களுக்கு 60, தோளுக்கு 4, இடுப்புக்கு 2. ஆக 126. நம்ம எஸ்டிமேட் பரீட்சையில்கூட இவ்வளவு சுத்தமாக டோட்டல் வராது!

இவற்றில் மிக நீளமானது தொடையெலும்பு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஒரு அரிசியில் பாதி. அது இல்லாவிட்டால் இந்த வருட ஆண்டு விழாவில் போட்ட ஸ்பீக்கர் சத்தம் நமக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

எலும்பு மனிதனுக்குப் பின்னாலும் நிற்கும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளுக்குள் நம் முன்னோரின் எலும்புகள் கிடைத்தன. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இரண்டு ஆண்களின் முகங்களை 2025-ல் உருவாக்கிக் காட்டினார்கள். தோல் போய், சதை போய், பெயரும் போன பிறகு, முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்வதற்கு எலும்பு மிச்சம் இருந்தது. பவுண்டேஷனைப் பார்த்தே மேலே எப்படிப்பட்ட வீடு நின்றது என்று சொல்வது போலத்தான் இதுவும்.

கான்கிரீட்டும் கம்பியும்

கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும், அதனால்தான் உள்ளே கம்பி வைக்கிறோம் என்பது நாம் முதலில் கற்றுக்கொண்ட பாடம். எலும்பும் அதே தத்துவம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த தாதுப்பொருள். இது கான்கிரீட். மீதியில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரத நார். இது கம்பி.

சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் கிடைத்த கால் எலும்பைக் கழுவி வினிகரில் நாலைந்து நாள் ஊறப் போடுங்கள். தாது கரைந்து, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் நன்றாகச் சுட்டு எடுங்கள். நார் எரிந்துபோய், எலும்பு சுண்ணாம்பு மாதிரி நொறுங்கும். முதலில் கான்கிரீட் போனது, கம்பி நின்றது. அடுத்ததில் கம்பி போனது, கான்கிரீட் நின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

அதன் பலம் எவ்வளவு? நம்ம லேபில் எம்20 கான்கிரீட் கியூபை 28 நாள் கழித்து மெஷினில் வைத்து அமுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறோம். தொடையெலும்பின் கெட்டியான சுவர்ப்பகுதி நீளவாக்கில் அமுக்கும்போது 150-க்கு மேல் தாங்கும். மைல்டு ஸ்டீல் 250-ல் இளக ஆரம்பிக்கும். ஆனால் ஸ்டீலின் எடையில் எலும்பு கால் பங்குதான். எடைக்கு எடை பார்த்தால் யார் கெட்டிக்காரன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கை, கால் எலும்புகள் குழாயாக இருக்கின்றன. ஏன்? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. 20 மி.மீ. விட்டமுள்ள கெட்டிக் கம்பி ஒன்று, வெளிவிட்டம் 27, உள்விட்டம் 18 உள்ள குழாய் ஒன்று, இரண்டையும் எடுங்கள். குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது செலவாகும் பொருள் ஒன்றுதான். ஆனால் செக்‌ஷன் மாடுலஸ் கெட்டிக் கம்பிக்கு 785, குழாய்க்கு 1550. வளைவதைத் தாங்கும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதில் மிச்சமான உள் இடத்தையும் உடம்பு சும்மா விடவில்லை. அங்கே மஜ்ஜையை வைத்திருக்கிறது. நம் இரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. பெரியவர்களுக்கு அந்த வேலை பெரும்பாலும் முதுகு, இடுப்பு, விலா, மார்பு எலும்புகளில் நடக்கிறது. ஒரு நொடிக்கு சுமார் 20 லட்சம் அணுக்கள். தூணுக்குள்ளேயே தொழிற்சாலை வைத்த எஞ்சினீயர் வேறு யாராவது உண்டா?

சும்மாடும் முதுகெலும்பும்

எங்க அம்மா தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கலவைப் பாண்டைத் தூக்கி வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறும்போது ஒரு கையால்கூடப் பிடிக்காது. சின்ன வயதில் அது எனக்கு வித்தை மாதிரி தெரிந்தது. இப்போது அது ஸ்ட்ரக்சுரல் மெக்கானிக்ஸாகத் தெரிகிறது.

பாண்டின் எடை 20 கிலோ என்று வைப்போம். அதைக் கையில் பிடித்து உடம்புக்கு முன்னால் 40 செ.மீ. தள்ளித் தூக்கினால், முதுகுத் தசை அதை எதிர்த்து இழுக்க வேண்டும். ஆனால் அந்தத் தசை முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 20-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 160. இருபது கிலோவைத் தூக்க, தசை 160 கிலோவுக்கு இழுக்கிறது! அந்த இழுவை முழுவதும் அடிமுதுகுத் தட்டுகளில் அமுக்கமாக இறங்குகிறது. 1960-களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன், உயிருள்ள மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள் ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, முன்னால் குனிந்து சுமை பிடிக்கும்போது அழுத்தம் பல மடங்கு ஏறியது.

அதே பாண்டைத் தலைக்கு நேர்மேலே வைத்தால்? எக்சென்ட்ரிசிட்டி பூஜ்யம். சுமை நேராக இறங்குகிறது. சும்மாடு அந்தச் சுமையை ஒரே புள்ளியில் விழவிடாமல் பரப்பிக் கொடுக்கிறது, தூணுக்கு அடியில் நாம் வைக்கிற பேஸ் பிளேட் மாதிரி. இதை எங்க அம்மாவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

சுமை இறங்குகிற வழியைப் பாருங்கள். மண்டையோடு, கழுத்து முள்ளெலும்புகள் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, பிறகு ஒன்றாக இணைந்துவிட்ட திருகெலும்பு. அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து இடுப்பெலும்பு, தொடை, கணுக்கால், குதிகால். முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 தட்டுகள் மெத்தை மாதிரி இருக்கின்றன. பாதத்துக்கு வந்தால் 26 எலும்புகள் சேர்ந்த ஆர்ச். செஞ்சிக் கோட்டைக்குள் நெற்களஞ்சியத்துக்குப் போனவர்கள் அதன் வளைந்த கூரையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தூண் இல்லாமல் பக்கவாட்டில் சுமையைத் தள்ளிவிடும் அதே உத்தி நம் செருப்புக்குள்ளும் இருக்கிறது.

ஆனால் தலைச்சுமையில் விலை இல்லாமல் இல்லை. கழுத்துக்கு அமைந்த வேலை தலையைத் தாங்குவது. அதன்மேல் வருடக்கணக்காக, நாளுக்கு நூறு தடவை பாண்டு ஏறினால் கழுத்துத் தட்டுகளும் முழங்கால் குருத்தெலும்பும் தேயாமல் என்ன செய்யும்? நாற்பதைத் தாண்டிய சித்தாள்கள் சாயந்திரம் பஸ்ஸில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா?

முதுகெலும்பு தூண் மட்டுமல்ல, கேபிள் ஓடுகிற டக்டும் அதுதான். உள்ளே தண்டுவடம் போகிறது. அது அறுந்தால் என்ன ஆகும், அதற்குப் பிறகும் மனிதன் என்ன ஆகலாம் என்பதற்கு நம்ம வேலூரிலேயே உதாரணம் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையையே வளர்த்தார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். நடக்க முடியாத ஒருவர் ஆயிரம் பேரை நடக்க வைத்த கதை அது.

ஒரு பாலிடெக்னிக் புரொபசரும் ஒரு தொடையெலும்பும்

இனி நம்ம இனத்தைச் சேர்ந்த ஒருவரின் கதை. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் ஒரு பாலிடெக்னிக். அங்கே கார்ல் குல்மன் என்ற எஞ்சினீயரிங் புரொபசர். விசைகளைக் கோடு போட்டே கண்டுபிடிக்கும் கிராஃபிக் ஸ்டாடிக்ஸ் முறையை வளர்த்தவர். 1866-ல் அவர், அதே ஊரில் உடற்கூறு பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஃபான் மேயர் வைத்திருந்த ஒரு தொடையெலும்பின் குறுக்குவெட்டைப் பார்த்தார்.

தொடையெலும்பின் மேல்முனையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேராக மேலே வந்த எலும்பு, உச்சியில் உள்பக்கமாகச் சாய்ந்து ஒரு கழுத்து, அதன் முனையில் ஒரு பந்து. அந்தப் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்காரும். உடம்பின் எடை பந்தின்மேல் இறங்குகிறது. தாங்குகிற தூணோ பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. அதாவது இது ஒரு கேன்டிலீவர். கிரேன் மாதிரி.

வெட்டிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக இல்லை. தேன்கூடு மாதிரி மெல்லிய எலும்பு வரிகள். ஆனால் கண்டபடி இல்லை, ஒழுங்காக வளைந்து வளைந்து ஓடுகின்றன. அதைப் பார்த்த குல்மனுக்கு, தாம் கிரேனுக்காகப் போடும் விசைக்கோடுகள் மாதிரியே அவை தெரிந்தன. ஒரு கூட்டம் வரிகள் அமுக்க விசை போகும் வழியில். இன்னொரு கூட்டம் மேல்புறமாக வளைந்து, இழுவிசை போகும் வழியில். இதைத் தொடர்ந்து ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் ஒரு விதியை எழுதி வெளியிட்டார். சுமை எங்கே வருகிறதோ அங்கே எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்பதே அதன் சாரம். குல்மன் கோடும் எலும்பின் வரியும் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை என்று பிறகு வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சுமைக்கு ஏற்ப எலும்பு மாறும் என்ற உண்மை நிலைத்து நிற்கிறது.

சன்ஷேடு

இந்தக் கதையை நான் நூலகத்தில் படித்தது இரண்டாம் ஆண்டில். அது எனக்கு வேலைக்கு ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை ஆயா கிணற்றடிக் கல்லில் வழுக்கி விழுந்துவிட்டது. வயது எழுபதுக்கு மேல். தூக்கிப் படுக்க வைத்தோம். வலது கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தெருவே கூடிவிட்டது. "புத்தூர் கட்டு கட்டினா சரியாப் போயிடும்" என்றார் பெரியப்பா. அவர் முன்கை முறிந்தபோது கட்டுப் போட்டுத்தான் கூடியது, அதனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடையெலும்பின் கழுத்து முறிந்திருந்தது. பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும், காப்பீட்டு அட்டையில் செய்துவிடலாம், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஆயாவோ, "பொணத்துக்கு எதுக்குடா இரும்பு? என்னை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றது. பெரியப்பா கட்டு என்கிறார். அத்தை அழுகிறது. அப்பா எல்லாரையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு."

எனக்கு அப்போது 17 வயது முடிந்து சில மாதம். எங்கள் வீட்டில் அதுவரை எந்த முடிவையும் என்னிடம் கேட்டதில்லை. தப்பாகச் சொன்னால் ஆயா படுத்த படுக்கை. படுத்துவிட்டால் புண், சளி, அப்புறம் என்ன ஆகும் என்று தெருவில் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தால் அப்பாவுக்கு விளங்காது. அதனால் எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்.

"அப்பா, இது சன்ஷேடு மாதிரி. செவுத்துலேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. மேலேர்ந்து எடை வருது. சன்ஷேடுக்குக் கம்பி எங்க போடுவ?"

"மேலதான். அடியில போட்டா சென்ட்ரிங் பிரிச்ச அன்னிக்கே விழுந்துடும்."

"இந்த எலும்புலயும் மேல்பக்கம் கம்பி மாதிரி வரி ஓடும். வயசானா அதுதான் முதல்ல இத்துப் போகுது."

அப்பா பிலிமைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப டாப் ராடு அறுந்துடுச்சுன்னு சொல்லு."

"ஆமாம்பா. இன்னொண்ணு. அந்தப் பந்துக்கு ரத்தம் போறது பெரும்பாலும் இந்தக் கழுத்து வழியாத்தான். அது அறுந்தா பந்து செத்துப் போயிடும். பெரிப்பா கையி நேர் எலும்பு. சுத்தி சதை இருக்கு, ரத்தம் இருக்கு, அசையாம கட்டினா கூடும். இது வெளியிலேர்ந்து கட்டினா நிக்காது."

அப்பா பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார்: "அண்ணே, சன்ஷேடு விழுந்தா பூச்சு பூசி நிறுத்த முடியாது. உடைச்சிட்டுத்தான் போடணும்." பெரியப்பாவும் கட்டட வேலை பார்த்தவர்தான். அதற்குமேல் அவர் பேசவில்லை. சம்மதப் படிவத்தில் அப்பா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் முழுப் படிவத்தையும் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

வார்டு டாக்டர் இளவயசு. நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். ஆயாவின் முறியாத இடது பக்கத்து எக்ஸ்ரேயைக் காட்டி, "இழுவிசை வரிகள் எங்கே இருக்கு, கண்டுபிடி பார்ப்போம்" என்றார். தேடினேன். அமுக்க வரிகள் மங்கலாகத் தெரிந்தன. மேல்புற வளைவு வரிகள் அழிந்துபோயிருந்தன. எலும்பு மெலியும்போது இழுவிசை வரிகள் முதலில் மறைவதையும் அமுக்க வரிகள் கடைசிவரை நிற்பதையும் வைத்து, சிங், நாக்ரத், மைனி என்ற நம் நாட்டு மருத்துவர்கள் 1970-ல் ஆறு படிகள் வகுத்தார்கள் என்று அவர்தான் சொன்னார். ஜூரிச்சில் குல்மன் பார்த்த வரிகளை அன்று ஆயாவின் இடுப்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். இப்போது கைத்தடியோடு திண்ணை வரைக்கும் வந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரிக்கிறது. சம்மணம் போட முடியாது, குத்துக்கால் வைக்க முடியாது, வயலில் இறங்க முடியாது. அந்த வருத்தம் ஆயாவுக்கு உண்டு. யாராவது கேட்டால் அப்பாதான் பதில் சொல்வார்: "எங்கம்மா இப்ப ஆர்.சி.சி. பில்டிங்!"

உயிருள்ள கட்டடம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. வயது சுமார் 1300. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தக் கருங்கல்லில் ஒரு விரிசல் விட்டால் விட்டதுதான். எலும்பு அப்படி இல்லை. அதற்குள் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம் பழசை இடித்துக்கொண்டே இருக்கின்றன. கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து புதுசு போடுகின்றன. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மராமத்து வேலை ஒருநாள்கூட நிற்பதில்லை.

சுமை இருந்தால் கட்டும் வேலை நன்றாக நடக்கும். சுமையே இல்லாவிட்டால் இடிப்பு வேலை ஜெயிக்கும். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களின் இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறதாம். சும்மா உட்கார்ந்தே இருந்தால் எலும்பும் சோம்பேறியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுமை மட்டும் இருந்து, சாப்பாடும் ஓய்வும் இல்லாவிட்டால்? கலவை வராமல் கொத்தனார் எப்படிக் கட்டுவார்? பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இடிப்பு வேகம் கூடிவிடுகிறது. ஆயா வயதுப் பெண்கள் அதிகமாக இடுப்பு முறிந்து விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நண்பர்களே, நம் வயதுதான் எலும்பில் சேமிக்கிற வயது. முப்பதுக்குள் சேர்த்ததை வைத்துத்தான் மிச்ச காலம் ஓட்ட வேண்டும். அதற்கு டானிக் வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் பத்தைச் சுற்றித்தான். ஹாஸ்டலில் கூழ் என்றால் முகம் சுளிக்கிறோம். அந்தக் கூழ்தான் நம் ஆயாக்களை அறுபது வயதுவரை வயலில் நிற்க வைத்தது. முருங்கைக்கீரை, மோர், கொஞ்சம் வெயில், ஒரு ஆட்டம் கபடி. இவ்வளவுதான் எஸ்டிமேட்.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த வருடம் நம்மில் பலர் சைட்டில் சூப்பர்வைசராக நிற்போம். தலையில் ஹெல்மெட், கையில் டேப். நம் முன்னால் யாரோ ஒருவரின் அம்மா சும்மாடு வைத்துக்கொண்டு படியேறுவார். அப்போது நாம் படித்த மொமென்ட், லோடு எல்லாம் அந்தத் தூணுக்கும் பீமுக்கும் மட்டும்தானா?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். இரண்டாம் மாடிக்குக் கலவை ஏற்ற ஒரு வின்ச் வைக்கலாமே என்று கான்ட்ராக்டரிடம் நாம் கேட்கலாம். கீழே ஒற்றைச் சக்கர வண்டி வாங்கச் சொல்லலாம். பாண்டை நிறைத்துக் குவிக்காமல் முக்கால் அளவோடு நிறுத்தச் சொல்லலாம். 50 கிலோ சிமென்ட் மூட்டையை இரண்டு பேராகத் தூக்கச் சொல்லலாம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்கும் விதத்தைக் காட்டிக் கொடுக்கலாம். 20 கிலோ எப்படி 160 கிலோ ஆகிறது என்று மணலில் கோடு போட்டுக் காட்டினால் யாருக்கும் புரியும். எங்க அப்பாவுக்கு டாப் ராடு புரிந்ததே!

டாக்டர் அப்துல் கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது, போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். ஏவுகணைக்காகப் பழகிய எடை குறைந்த பொருள்களின் அறிவை வைத்து 300 கிராமில் காலிப்பர் செய்ய வைத்தார். அதை அணிந்து அந்தப் பிள்ளைகள் ஓடிய மகிழ்ச்சியைப் பற்றி அவர் பல மேடைகளில் பேசியிருக்கிறார். டெக்னாலஜி என்றால் அதுதான்.

என்னோடு படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது நெல் மூட்டை ஏறிய முதுகு, பாண்டு ஏறிய கழுத்து, நாற்று நட்டுக் குனிந்த இடுப்பு. அந்த எலும்புகளுக்கு நம் டிப்ளமா கடன்பட்டிருக்கிறது. வட்டியாவது கட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் துறை, அனந்தபுரம்